வெள்ளிக்கிழமை இறைச்சி தின்னாத மிருகம்

செவ்வாய்க்கிழமை பின்னேரம் நான் பள்ளிக்கூடத்திலிருந்து வந்து சப்பாத்தைக் கழற்றிக்கொண்டிருந்தேன். அம்மா தொலைபேசியைக் காதில் வைத்தபடி குசினி வாசலில் நின்றார். "எந்த வினோதினி?" என்று இரண்டு தரம் கேட்டார். பிறகு திரும்பி என்னைப் பார்த்தார். வினோதினி அக்கா வேலை செய்யும் இடத்தில் தலை இடிக்கிறது என்று சொல்லிக் கதிரையில் இருந்தவர் பிறகு எழும்பவில்லையாம். மூளையில் இரத்தக் கசிவு. முப்பத்தாறு வயது. மற்றச் சப்பாத்தை நான் எப்போது கழற்றினேன் என்று எனக்கு ஞாபகம் இல்லை.

முப்பத்தோராம் நாள் மண்டபத்தில் இந்த நினைவு மலரைக் கையில் எடுக்கும் உங்கள் எல்லோருக்கும் வினோதினி அக்காவைத் தெரியும். ஸ்டுட்கார்ட்டில் பல் செய்யும் ஆய்வுகூடத்தில் வேலை செய்தவர். விசேஷ வீடுகளில் ஓரமாக நிற்பவர். கலியாணப் பேச்சை எடுத்தால் சிரித்துக்கொண்டே தேத்தண்ணி போட எழும்பிப் போய்விடுபவர். அதற்கு மேல் அவரைப் பற்றிச் சொல்லச் சொன்னால் பலரிடம் ஒன்றும் இருக்காது. என்னிடம் இருக்கிறது. ஆனால் அதைச் சொல்ல எனக்குப் பயம்.

செத்தவீட்டில் என் அம்மா அக்காவின் சித்தியைக் கட்டிப்பிடித்து அழுதார். "என்ர பிள்ளைக்கு ரண்டு வருசமாச் சனிக்கிழமை சனிக்கிழமை கணக்குச் சொல்லிக் குடுத்தவ. ஒருநாள் தவறவிட்டதில்லை" என்றார். அதைக் கேட்டு இன்னும் பலர் அழுதார்கள். பின்வரிசையில் ஒரு மாமா, "நல்ல மூளை. கேம் பெட்டியளோட அறைக்குள்ளை கிடந்து வீணாப் போச்சு" என்றார். ஹம்பேர்க்கிலிருந்து வந்திருந்த அக்காவின் தம்பி சுரேன் அண்ணை பிறகு என்னிடம் வந்து, "நீர்தானே அவவின்ர மாணவி? மலருக்கு அரைப் பக்கம் எழுதித் தாருமன்" என்றார். நான் ஓம் என்றேன். மண்டபத்தை விட்டு ஓடிவிட வேண்டும் போல இருந்தது.

அந்த அரைப் பக்கத்தை இன்று பின்னேரம் எழுதி முடித்தேன். 'கணக்கு என்னும் கடலில் எனக்குக் கலங்கரை விளக்கம்' என்று தொடங்கும். அப்பாவுக்கு நன்றாகப் பிடித்துவிட்டது. அதை எழுதிக்கொண்டிருந்தபோது அம்மா தொலைபேசியில் பேசியது காதில் விழுந்தது. மாதக் கடைசியில் அக்காவின் வீட்டைத் திருப்பிக் கொடுக்கிறார்களாம். மடிக்கணினியில் இருப்பதையெல்லாம் அழித்துவிட்டுத் தன் மகனுக்குக் கொடுக்கப்போவதாகச் சுரேன் அண்ணை சொன்னாராம். "உள்ளுக்கை ஒண்டுமில்லையாம், விளையாட்டுத்தானாம்" என்றார் அம்மா. அதனால்தான் எல்லோரும் நித்திரையான பிறகு இந்த இரண்டாவதை எழுதுகிறேன். அப்பா தண்ணீர் குடிக்க எழும்பினால் விளக்கை அணைக்க வேண்டியிருக்கும். எழுத்து கோணலாக இருந்தால் மன்னியுங்கள்.

வினோதினி அக்காவை நான் முதலில் கண்டது ஒரு சாமத்தியவீட்டு விழாவில். அப்போது எனக்குப் பதின்மூன்று வயது. மேடைக்குப் பின்னால் படியில் ஒளிந்திருந்து கைத்தொலைபேசியில் ஒரு பழைய ஜப்பானிய விளையாட்டை விளையாடிக்கொண்டிருந்தேன். தலைக்கு மேல் ஒரு குரல் கேட்டது.

"அந்தக் கதவைத் திறக்காதையும்."

பட்டுச் சேலையும் கையில் வடைத் தட்டுமாக அக்கா நின்றார்.

"ஏன்?"

"திறந்தால் திரும்பி வரேலாது. உம்மட வாளைப் பாரும், இன்னும் நாலு அடிதான் தாங்கும்."

"உங்களுக்கு இது தெரியுமோ?"

"தெரியுமோவோ? உதுக்குள்ளை நான் ஆறுதரம் செத்தனான்."

நான் கதவைத் திறந்தேன். இரண்டு நிமிடத்தில் என் ஆட்கள் நான்கு பேரும் விழுந்தார்கள். அக்கா சிரித்த சிரிப்பில் ஒரு வடை படியில் உருண்டு போனது. "ஏழு. உம்மடையையும் என்ர கணக்கிலை போடுறன்" என்றார். பெரியவர் ஒருவர் அப்படிச் சிரித்து நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

அந்த விளையாட்டின் பெயரை இங்கே எழுதினாலும் உங்களில் பலருக்கு ஒன்றும் விளங்கப்போவதில்லை. அது ஒரு நீண்ட தொடரின் முதல் விளையாட்டு. வேறு விளையாட்டுகளில் எதிரிகளைக் கொன்றால் படிப்படியாகப் பலம் கூடும். இதில் படி என்றே ஒன்று இல்லை. மனிதர் ஒரு விதமாக வளர்வார்கள், மிருகங்கள் இன்னொரு விதமாக வளரும். மிருகம் விழுந்த எதிரியின் இறைச்சியைத் தின்றால் வேறொரு மிருகமாக மாறிவிடும். சிலவேளை பலமாக மாறும், சிலவேளை இருந்ததையும் இழக்கும். தின்னுமுன் ஒன்றும் தெரியாது.

அக்கா எட்டு வயதில் ஜெர்மனிக்கு வந்து 'ஹைம்' என்று சொல்லும் அகதிகள் விடுதியில் இருந்தபோது, அவருடைய அப்பா பழைய பொருள் சந்தையில் சாம்பல் நிறக் கைவிளையாட்டுப் பெட்டி ஒன்றை வாங்கி வந்தார். அதற்குள் இந்த விளையாட்டு ஆங்கிலத்தில் இருந்தது. அந்த விடுதி அறையில் யாருக்கும் ஆங்கிலமும் தெரியாது, டொச் மொழியும் தெரியாது. அக்கா இரண்டு வருடம் கதை என்ன என்றே தெரியாமல் அதை விளையாடினார். தன் கூட்டத்தில் ஒரு மிருகத்தை வைத்திருந்தார். 'இறைச்சி' என்ற சொல்லை மட்டும் பக்கத்து அறைக்காரர் ஒருவரிடம் கேட்டு அறிந்துகொண்டார். அன்றிலிருந்து வெள்ளிக்கிழமைகளில் அந்த மிருகத்துக்கு இறைச்சி கொடுக்கவில்லை. அவர்கள் வீட்டில் வெள்ளி மரக்கறி. மிருகத்துக்கும் அதுதான்.

"வெள்ளியிலைதானே பள்ளிக்கூடம் வேளைக்கு விடும், நெடுக விளையாடலாம்" என்று அக்கா எனக்குச் சொன்னார். "கடைசிமட்டும் என்ர மிருகம் ஒரு நோஞ்சான். ஆனா நல்ல சைவப் பிள்ளை."

அக்காவின் அறையை நீங்கள் 'கேம் பெட்டியள்' என்கிறீர்கள். அங்கே ஓர் அலுமாரித் தட்டில் அந்தத் தொடர் முழுவதும் வந்த வரிசையில் இருந்தது. சாம்பல் பெட்டிக்குப் பிறகு தொலைக்காட்சியில் இணைக்கும் பெட்டிக்கு வந்தது. அங்கே எட்டுப் பேரில் யாரைக் கதாநாயகராக எடுப்பது, எங்கே முதலில் போவது என்பதையெல்லாம் விளையாடுபவரே முடிவு செய்யலாம். அதற்கு அடுத்தது ஓர் அரச பரம்பரையின் கதை. அரசர் இறந்தால் விளையாட்டு முடியாது. அடுத்தவரை நாம் தெரிவு செய்ய வேண்டும். இறந்தவர் கற்ற வித்தைகள் புதியவருக்குப் போய்ச் சேரும். சண்டையின் நடுவில் ஒருவரின் தலைக்கு மேல் சின்ன மின்குமிழ் ஒன்று எரியும். அந்தக் கணத்தில் அவர் யாரும் சொல்லிக் கொடுக்காத ஒரு வித்தையைக் கற்றுக்கொள்வார். அந்த விளையாட்டு அப்போது ஜப்பானிய மொழியில் மட்டுமே வந்ததால் அக்கா அகராதி வைத்து ஜப்பானிய மொழியைத் தானாகவே படித்தார். நான் விளையாடியபோது என் முதல் அரசர் இறந்ததும் அழுதுவிட்டேன். அக்கா ஆறுதல் சொல்லவில்லை. "அழுது முடிச்சிட்டு ஆளைத் தெரிவு செய்யும். சனம் பாத்துக்கொண்டு நிக்குது" என்றார்.

இன்னொரு நாள் தட்டில் தூசு படிந்த ஒரு பெட்டியை எடுத்து இது என்ன என்று கேட்டேன். "உதுதான் எல்லாரும் காறித் துப்பினது" என்றார். அதில் நடப்பதே இல்லை. தாயம் விளையாடுவது போலக் காயை நகர்த்த வேண்டும், எதைச் செய்தாலும் சுழலும் சக்கரத்தை நிறுத்த வேண்டும். நான் பத்து நிமிடத்தில் அலுத்துப்போனேன். அதற்குப் பிறகு புதிதாக ஒன்று வர நெடுங்காலம் எடுத்ததாம். தொடர் செத்துவிட்டது என்றே பலர் நினைத்தார்களாம். பிறகு வந்ததில் நடந்து திரிய ஊர்கள்கூட இல்லை, வரைபடமும் சண்டையும் மட்டும்தான். அதைப் பலர் கொண்டாடினார்கள். அரச பரம்பரைக் கதையையும் இப்போது புதிதாகச் செய்து வெளியிட்டிருக்கிறார்கள்.

"ஏன் அக்கா இந்த மோசமானதை எறியேல்லை?" என்று கேட்டேன்.

"எறிஞ்சால் அடுத்தது எங்கையிருந்து வந்ததெண்டு தெரியாமல் போயிடும். உதைச் செய்த ஆக்கள் ஒவ்வொரு தரமும் முதல்லையிருந்து தொடங்கினவை, அபி. சரிவந்ததைத் திருப்பிச் செய்துகொண்டிருந்தால் லேசாக இருந்திருக்கும்."

இனிச் சொல்லப்போவதுதான் எனக்குப் பயமான விஷயம். சனிக்கிழமைகளில் அக்கா வீட்டுக்குப் போகக் காரணம் வேண்டியிருந்தது. அக்கா கணக்கில் கெட்டிக்காரி, எனக்குப் படிப்பிக்கிறார் என்று அம்மாவிடம் நானே சொன்னேன். அக்காவுக்கு அது தெரியாது. மூன்று மாதம் கழித்து அம்மா நன்றி சொல்ல அவருக்குத் தொலைபேசி எடுத்தபோதுதான் தெரிந்தது. அடுத்த சனிக்கிழமை கதவைத் திறந்தவர் என்னை உள்ளே விடாமல் வாசலில் நிறுத்தினார்.

"என்னைக் கேக்காமல் என்னை வாத்தியாக்கிப்போட்டீர், என்ன?"

நான் தலையைக் குனிந்தேன்.

"நான் காட்டிக் குடுக்கமாட்டன். சொல்லுறது உம்மட வேலை. ஆனால் சொல்லும்."

பிறகும் பல தடவை கேட்டார். நான் ஒவ்வொரு தடவையும் அடுத்த கிழமை என்றேன்.

நாங்கள் அங்கே என்ன செய்தோம் என்றால், அந்த முதல் விளையாட்டைத் தமிழாக்கினோம். அக்கா எனக்கு முன்பே பல வருடமாகத் தனியே அதைச் செய்துகொண்டிருந்தார். அந்தச் சின்னத் திரையில் ஓர் எழுத்துக்கு அகலம் எட்டுப் புள்ளி, உயரம் எட்டுப் புள்ளி. ஆங்கில எழுத்து அதற்குள் அடங்கும். 'ணை' அடங்குமா? 'ஞௌ' அடங்குமா? அகலமான எழுத்துகளை இரண்டு கட்டங்களில் வெட்டி, சேர்த்தால் ஒன்றாகத் தெரியும்படி புள்ளி புள்ளியாக வரைந்தார். "பல்லும் உப்பிடித்தான். தனிய வடிவா இருந்து காணாது, பக்கத்துப் பல்லோட ஒத்து நிக்கோணும்" என்பார். யாருக்காக இவ்வளவு பாடு என்று ஒருநாள் கேட்டேன். "ஹைமிலை ஒரு எட்டு வயசுப் பிள்ளை கதை விளங்காமல் இருந்தவள். அவளுக்குத்தான்" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

என் வேலை விளையாடிப் பார்த்துப் பிழை பிடிப்பது. கடைக்காரன் 'வாங்கோ' என்று சொல்லவேண்டிய இடத்தில் ஒரு கதவின் படம் வந்தது. ஓர் அரக்கன் பேசி முடிக்காமல் திரைக்கு வெளியே போனான். பிழை ஒன்றைச் சொன்னால் பெரியவர்கள் முகம் கறுப்பதைத்தான் நான் கண்டிருக்கிறேன். அக்கா கதிரையோடு துள்ளித் திரும்புவார். "எங்கை? எங்கை? ஆ, பிடிச்சிட்டீர்!" என்பார். பிழை பெரிதாக இருந்தால் சந்தோஷமும் பெரிதாக இருக்கும். ஒருநாள் அவருடைய ஆறு மாத வேலையே பிழை என்று நான் காட்டினேன். அன்று பிட்சா வாங்கித் தந்தார்.

கடைசி மாதம் கணக்குச் சோதனையில் எனக்கு ஐந்து வந்தது. இங்கே ஐந்து என்றால் தோல்வி. அப்பாவிடம் காட்டவில்லை. அக்காவிடம் காட்டினேன். அவர் தாளை வாங்கி ஒவ்வொரு கணக்காகப் பார்த்தார். "இது என்ரையும் பிழை. வாற சனி கொப்பியைக் கொண்டுவாரும், உண்மையாப் படிப்பம். விளையாட்டு எங்கையும் ஓடாது" என்றார். எனக்குக் கோபம் வந்தது. நீங்களும் எல்லாரையும் போலத்தான் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். சனிக்கிழமை தடிமன் காய்ச்சல் என்று பொய் சொல்லிப் போகவில்லை. "சுகமோ? கோவமோ? ரண்டுக்கும் இஞ்சி போட்ட தேத்தண்ணி நல்லது. அடுத்த சனி வாரும்" என்று செய்தி அனுப்பியிருந்தார். நான் பதில் போடவில்லை. செவ்வாய்க்கிழமை அவர் இறந்தார்.

அந்தச் செய்திக்குப் பதிலை எத்தனையோ தரம் எழுதி அழித்துவிட்டேன். அனுப்பினால் சுரேன் அண்ணையின் கையில் இருக்கும் தொலைபேசி ஒலிக்கும். அவ்வளவுதான்.

சுரேன் அண்ணை, தயவுசெய்து அந்த மடிக்கணினியை அழிக்காதேங்கோ. அதற்குள் உங்கள் அக்கா புள்ளி புள்ளியாக வரைந்த தமிழ் எழுத்துகள் எல்லாம் இருக்கின்றன. விளையாட்டின் கடைசிப் பகுதியைத் தவிர மற்றதெல்லாம் தமிழில் இருக்கிறது. வேறு பிரதி எங்கும் இல்லை. வீணாகப் போனார் என்று சொன்ன மாமாவுக்கு நானே அதை விளையாடிக் காட்டுவேன்.

அக்காவின் பொருள் எதையும் நான் கேட்கவில்லை. பிழையைக் கேட்டதும் துள்ளித் திரும்பும் அந்த முகத்தை வைத்துக்கொள்கிறேன். அது போதும் என்று சொல்லமாட்டேன், போதாது. ஆனால் அந்த முகம் இல்லாமல் இந்தத் தாளை நாளைக்குக் கொடுக்க என்னால் ஏலாது.

நாளைக் காலை பள்ளிக்கூடம் போக முன் இதை அப்பாவின் மேசையில் வைப்பேன். அவர் வாசித்த பிறகு சுரேன் அண்ணைக்கு அனுப்பட்டும். அப்பா, நீங்கள் கோபப்படுவீர்கள். அம்மா, செத்தவீட்டில் எல்லோர் முன்னாலும் உங்களை அப்படிச் சொல்ல வைத்தது நான். பின்னேரம் எழுதிய அரைப் பக்கத்தைக் கிழித்துவிட்டேன். இதை மலரில் போடுவதென்றால் என் பெயருக்குக் கீழே 'மாணவி' என்று போட வேண்டாம். 'கூட வேலை செய்தவள்' என்று போடுங்கள்.