அக்காவின் படகுக்கு நான் தேர்ந்த பேட்டரி

மலேசியாவில், ரந்தாவுக்குப் பக்கத்து எஸ்டேட்டில், செம்பனை எண்ணெய் மில்லில் நான் சார்ஜ்மேன். மில்லின் மின்சாரத்துக்கு நான்தான் பொறுப்பு. அதனால் அக்காவும் மச்சானும் படகு வாங்கியபோது பேட்டரி தேர்ந்தெடுக்கும் வேலை என்னிடம் வந்தது. நானும் யோசிக்காமல் தலையாட்டினேன்.

மச்சான் போர்ட்டிக்சனில் சரக்கு மிதவையான பார்ஜை இழுக்கும் டக்போட் ஓட்டி ஓய்வு பெற்றவர். வாங்கியது ஒரு பழைய பாய்மரப் படகு. அதிலேயே குடியிருந்துகொண்டு, கரையோரமாகவே லங்காவித் தீவு வரை போய், பிறகு தாய்லாந்துப் பக்கம் போவது அவர்கள் திட்டம். அக்காவுக்குச் சர்க்கரை. அவள் போட்டுக்கொள்ளும் இன்சுலின் எப்போதும் குளிரில் இருக்க வேண்டும்.

"மத்ததெல்லாம் நீங்க ரெண்டு பேரும் பாத்துக்குங்க. எனக்கு ஐஸ்பெட்டி நிக்கக்கூடாது தம்பி" என்றாள்.

இன்ஜினைக் கிளப்பும் பேட்டரி வேறு, வீட்டுப் பேட்டரி வேறு. முதலாவது ஒரு நொடி பலமாகத் தள்ளிவிட்டு ஓய்ந்துவிடும். இரண்டாவது நாள் முழுக்க ஐஸ்பெட்டி, விளக்கு, ரேடியோ எல்லாவற்றுக்கும் கொடுத்துக்கொண்டே இருக்கும். அதற்கு ஈயமா, லித்தியமா என்பதுதான் கேள்வி. ஈயம் கனம், பாதிக்கு மேல் இறக்கினால் சீக்கிரம் கெட்டுவிடும். லித்தியம் லேசு, ஏறக்குறைய முழுவதையும் பயன்படுத்தலாம். எனக்கு அதில் சந்தேகமே இல்லை. மச்சானுக்கு இருந்தது.

"ஈயம்னா சாகுறதுக்கு முந்தி சொல்லிட்டுச் சாகும். விளக்கு மங்கும், மோட்டர் முனகும். உன் லித்தியம் சொல்லுமா?"

"அதுக்குள்ளயே காவல் சர்க்கிட் இருக்கு மச்சான். எதாவது தப்பாப் போனா அதுவே கட் பண்ணிக்கும்."

"நடுக்கடல்ல கட் பண்ணிக்கிட்டா?"

"அதெல்லாம் நடக்காது லா."

அவர் மேற்கொண்டு பேசவில்லை. அந்த மௌனத்தை நான் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

நான்கு வாரம் விடுமுறை நாட்களில் போய் வயர் இழுத்தேன். இன்ஜின் ஓடும்போது மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டரை நேராக லித்தியத்தோடு இணைத்தேன். இன்ஜினைக் கிளப்பும் பழைய ஈய பேட்டரியை ஒரு சுவிட்ச் போட்டுத் தனியாகப் பிரித்து வைத்தேன். ஒரு சனிக்கிழமை காலை மூன்று பேரும் தஞ்சோங் துவான் முனைப் பக்கம் சோதனை ஓட்டம் போனோம். காற்றே இல்லை. இன்ஜினிலேயே ஓடினோம். பேட்டரி நிரம்பிக்கொண்டு வருவதை மீட்டரில் பார்த்துப் பார்த்துப் பூரித்துக்கொண்டிருந்தேன்.

பதினொரு மணி வாக்கில் சுமத்ரா பக்கமிருந்து வானம் கறுத்து வந்தது. ஐந்தே நிமிடத்தில் மழை எங்களை மூடிவிட்டது. படகின் முன்முனை கூடத் தெரியவில்லை. அந்த நேரத்தில்தான் கீழே 'டக்' என்று ஒரு சத்தம். வரைபடத் திரை அணைந்தது. சுக்கான் பிடித்துக்கொண்டிருந்த ஆட்டோபைலட் செத்தது. விளக்கு, ரேடியோ, எல்லாம் போயிற்று. பேட்டரி நிரம்பி வழிந்ததும் காவல் சர்க்கிட் தன்னைத் துண்டித்துக்கொண்டது. போக இடமில்லாத கரண்டு ஆல்டர்னேட்டரை எரித்துவிட்டது. ரப்பர் கருகும் நாற்றம் மேலே வந்தது.

டீசல் இன்ஜின் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. மச்சான் பாய்ந்து சுக்கானைப் பிடித்தார். அப்போது மழைக்குள்ளிருந்து ஒரு ஹாரன் கேட்டது. நீளமாக ஒன்று, குட்டையாக இரண்டு.

மச்சானின் முகம் மாறிவிட்டது. "டக்போட். பின்னால பார்ஜ் இழுத்துக்கிட்டு வர்றான். ரெண்டுக்கும் நடுவுல நீளமாக் கம்பி கெடக்கும். அதுக்குள்ள மாட்டுனோம், அவ்வளவுதான். ரேடியோவக் குடு!"

"ரேடியோ செத்துப் போச்சு மச்சான்."

"அதுக்கு உயிர் குடுடா!"

நான் கீழே இறங்கினேன். டார்ச் கை நழுவி உருண்டது. துள்ளிய கரண்டில் ரேடியோவின் ஃபியூஸ் மட்டும்தான் எரிந்திருந்தது. மாற்றினேன். பிறகு இன்ஜின் அறையில் குப்புறப் படுத்து, ரேடியோவின் இரண்டு வயரையும் அறுத்து, பிரித்து வைத்திருந்த ஈய பேட்டரியின் முனைகளில் அப்படியே முறுக்கினேன். மேலே அக்கா, டக்போட்டுக்குக் கேட்கட்டும் என்று, ஒரு குழம்புச் சட்டியைக் கரண்டியால் விடாமல் அடித்துக்கொண்டிருந்தாள். ஹாரன் இன்னும் கிட்டத்தில் கேட்டது.

ரேடியோவில் சின்னதாக ஒரு பச்சை வெளிச்சம். மைக்கை வயரோடு மேலே இழுத்து மச்சானிடம் கொடுத்தேன். அவர் மலாயில் நிதானமாகப் பேசினார். யார், எங்கே, மழையில் எதுவும் தெரியவில்லை என்று சொன்னார். பதில் உடனே வந்தது: இடது பக்கம் திருப்பு, என் பின்னால் கடக்காதே.

அவர் திருப்பினார். கொஞ்ச நேரத்தில் மழைக்குள்ளே வலப்புறம் ஒரு துருப்பிடித்த சுவர் நகர்ந்து போனது. அது பார்ஜ். அதன் பக்கவாட்டில் தொங்கிய டயர்களை என்னால் எண்ண முடிந்தது. அக்கா சட்டியைக் கீழே வைக்க மறந்து நின்றாள்.

கரைக்கு வந்து படகைக் கட்டியதும் சொன்னேன். "தப்பு என்னுதுதான் மச்சான். நீங்க கேட்டப்ப நான் யோசிச்சிருக்கணும்."

மச்சான் திட்டுவார் என்று நினைத்தேன். "நானும் விடாமக் கேட்டிருக்கணும். உன் படிப்புக்கு முன்னால வாய மூடிக்கிட்டேன்" என்றார்.

அக்காதான் முடிவு சொன்னாள். "ரெண்டும் வேணும். ஒண்ணு செத்தா இன்னொண்ணு பேசணும். எப்படிப் பண்ணுவியோ, பண்ணு."

அப்படியே செய்தேன். புது ஆல்டர்னேட்டர் இப்போது ஈயத்துக்குத்தான் ஊட்டுகிறது. ரேடியோவும் வழிவிளக்கும் அந்த ஈயத்தில். ஐஸ்பெட்டியும் மற்றதும் லித்தியத்தில். நடுவில் ஒரு சார்ஜர், ஈயத்திலிருந்து எடுத்து லித்தியத்துக்கு அளவாக ஊற்றுகிறது. லித்தியம் எப்போது கதவைச் சாத்திக்கொண்டாலும் வேறெதுவும் கருகாது. கரையில் கட்டியபடியே லித்தியத்தை நானே பத்துத் தடவை துண்டித்துப் பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் மச்சான் ரேடியோவில் ஒரு வார்த்தை பேசிக் காட்டினார்.

இரண்டாவது சோதனை ஓட்டத்துக்கு என்னைக் கூப்பிட்டார்கள். போனேன். தஞ்சோங் துவான் தாண்டும் வரை என் கை படிக்கட்டுக் கம்பியை விடவில்லை. அடுத்த மாதம் அவர்கள் வடக்கே கிளம்பினார்கள். இப்போது லங்காவியில் இருக்கிறார்கள்.