எலி மருந்து

மார்பில் இருந்த புற்றுநோய்க் கட்டியை எடுத்த பிறகு, கோவை மருத்துவமனையில் எனக்கு ஒரு மருந்தை ஊசி வழியாக ஏற்றினார்கள். அது எப்படித் தயாராகிறது என்று கூச்சத்தோடு டாக்டரம்மாவிடம் கேட்டேன்.

"நோய் செல்லைத் தேடிப் பிடிக்கிற புரதம்மா இது. எலி ஜாதிப் பிராணி ஒண்ணோட ஒரே ஒரு செல்லைப் பெருக்கி, அதுல சுரக்க வச்சு, சுத்தமா வடிகட்டி எடுக்கறாங்க. அதனால எல்லாம் ஒரே அச்சா இருக்கும்" என்றார்.

மலைமேல் இருக்கும் எங்கள் ஊரான காந்தலுக்குத் திரும்பியதும் அந்த அதிசயத்தை நாத்தனாரிடம் சொன்னேன். அவள் அதில் 'எலி', 'மருந்து' என்ற இரண்டு சொற்களை மட்டும் எடுத்துக்கொண்டாள்.

எங்கள் மாதா கோயில் திருவிழாச் சமையலில், வழக்கம்போல் கேரட் நறுக்க அரிவாள்மனை முன் உட்கார்ந்தேன். நாத்தனார் அதைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"அண்ணி, நீங்க போயி வெயில்ல உக்காருங்க."

"எனக்கு இப்ப ஒண்ணுமில்லையே."

"உங்களுக்கு ஒண்ணுமில்லீங்க. திங்கறவங்களுக்குத்தான் பயம்! எலி மருந்து ஏறுன கையாச்சே?"

எலியைக் கொல்லும் விஷத்துக்கும் அதுதானே பெயர்! எல்லாப் பெண்களும் சிரித்தார்கள். இந்த மருந்து யாருக்கும் ஒட்டாது என்று சொல்ல நினைத்தேன். நாலு பேர் முன்னால் எனக்குப் பேச்சு வராது. கையைக் கழுவிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

பிறகு சிகிச்சை முடிந்தது. நோய் இல்லை என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். நோயைக்கூடச் சில நாள் மறந்துவிடுகிறேன், அந்தச் சிரிப்பை மறக்க முடியவில்லை.

இந்த வருடத் திருவிழாவுக்கும் நாத்தனார் கூப்பிட்டாள், சாப்பிட மட்டும். உடம்பு சரியில்லை என்று சொல்லி அனுப்பினேன். உண்மையில் பல வருடங்களாக என் உடம்பு இவ்வளவு நன்றாக இருந்ததில்லை.