தலையில் ஸ்ரீ இல்லாத மெயில்

தனக்கு ஆகாத ஊசியின் பெயர் அம்மாவுக்குத்தான் தெரியும் என்று அப்பா ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்தபடி சொன்னார். அம்மாவோ யாத்திரைக் கோஷ்டியோடு பத்ரிநாத் மலைப்பாதையில் எங்கேயோ இருந்தாள். போனை அணைத்து, மடித்த புடவைகளுக்கு நடுவே வைத்துவிடுவது அவள் வழக்கம். வெளியே எடுத்தால் சார்ஜ் தீர்ந்துவிடுமாம். கோஷ்டியை அழைத்துப் போனவரின் நம்பரைப் போட்டால், ஒரு பெண் ஹிந்தியில் திரும்பத் திரும்ப ஏதோ சொன்னாள்.

அப்பாவுக்குப் பல வருடங்களாகக் குடலிறக்கம் உண்டு. அன்று காலையில் குடல் சிக்கிக்கொண்டுவிட்டது. ஸ்ரீரங்கத்திலிருந்து தில்லைநகர்ப் பக்கம் ஓர் ஆஸ்பத்திரிக்கு நானும் என் கணவரும் அவரைத் தூக்காத குறையாகக் கொண்டுவந்து சேர்த்தோம்.

"இன்னைக்கே ஆபரேஷன் பண்ணியாகணும்ங்க," என்றார் மயக்க மருந்து கொடுக்கும் டாக்டர். "தள்ளிப்போட்டா குடல் கெட்டுடும். ஆனா முன்னாடி ஏதோ ஒரு ஊசிக்கு மூச்சே நிக்கப் பார்த்துச்சுன்னு ஐயா சொல்றாரு. அது எதுன்னு தெரியாம எதைப் போடறதுக்கும் யோசனையா இருக்கு. மதியத்துக்குள்ள பேரைக் கண்டுபிடிச்சுச் சொல்லுங்க."

"எப்போப்பா போட்டா?" என்று கேட்டேன்.

"கும்பகோணத்துல கல்யாணத்துக்குப் போனோமே, அப்போ. ஜுரம்னு போனேன். மூஞ்சி பூரியாட்டம் உப்பிடுத்து."

கும்பகோணத்தில் எங்களுக்கு இருக்கும் உறவுக்கு முகூர்த்தத்துக்கு ஒரு கல்யாணம். எந்தக் கல்யாணம் என்று அவருக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. ஆனால் ஒன்று நினைவுக்கு வந்தது. நான் அப்போது பூனாவில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மா இதைப் பற்றி எனக்கு ஒரு மெயில் எழுதியிருந்தாள். படித்துப் பதறிப் போன் செய்தேன். "ஒண்ணுமில்லைடீ, சரியாயிடுத்து," என்று அவள் சொன்னதும் மருந்தின் பெயரை அத்தோடு மறந்துவிட்டேன்.

அந்த மெயில் என் போனில் இல்லை. வந்த மெயிலையெல்லாம் வீட்டுக் கம்ப்யூட்டரில் இறக்கிக்கொண்டு, மெயில் கம்பெனியின் சர்வரில் ஒன்றையும் மிச்சம் வைக்காமல் துடைத்துவிடுவது என் கொள்கை. என் கடிதத்தை எவனோ ஒருவனுடைய இயந்திரத்தில் நான் ஏன் வைக்க வேண்டும்? இதைச் சொல்லி வீட்டில் என்னைக் கேலி செய்யாத நாள் கிடையாது.

அப்பாவின் கட்டிலருகே நின்று கணவர் அன்றும் அதைத்தான் சொன்னார். "ஊரெல்லாம் குழாயைத் திறந்தா தண்ணி வரது. நீ ஒருத்திதான் குடத்துல பிடிச்சு வெச்சுக்கறே. போய் அந்தக் குடத்துல தேடு."

பதில் சொல்ல நேரமில்லாததால் தப்பித்தார். ஆட்டோ பிடித்துக் காவிரிப் பாலம் தாண்டி வீட்டுக்கு வந்தேன்.

மெயில் புரோகிராமில் அம்மா எழுதியவற்றை மட்டும் பிரித்தெடுத்தேன். பூனாவில் நான் இருந்த வருடங்கள் முழுக்க அவள் அநேகமாகத் தினமும் எழுதியிருக்கிறாள். பார்த்தால் மலைப்பாக இருந்தது. தலைப்பு எல்லாவற்றிலும் ஒன்றுதான்: ஆசீர்வாதம். கத்திரிக்காய் விலைக்கும் ஆசீர்வாதம், பக்கத்து வீட்டுச் சண்டைக்கும் ஆசீர்வாதம்.

தேடும் பெட்டியில் 'ஊசி' என்று போட்டேன். ஒன்றும் இல்லை. 'ஜுரம்'. இல்லை. 'கும்பகோணம்'. அதுவும் இல்லை. எரிச்சலில் கைக்கு வந்த ஒரு மெயிலைத் திறந்தேன். 'கும்பகோணம் வெற்றிலை' என்று முதல் வரியிலேயே இருந்தது. கண் முன்னால் இருப்பதைக் காணோம் என்று சொல்லும் இந்தக் கபோதியையா இத்தனை வருடம் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினேன் என்று வாய்விட்டே திட்டினேன்.

அப்புறம்தான் உறைத்தது. நான் காட்டூரில் ஒரு கல்லூரியில் கம்ப்யூட்டர் பாடம் நடத்துகிறவள். தமிழில் எழுதிய மெயில் தமிழாகவே பயணம் போவதில்லை. வழியில் சேதமாகாமல் இருக்க ஆங்கில எழுத்தும் எண்ணுமாக மாற்றிக் கட்டி அனுப்புவார்கள். நாம் திறக்கும்போது புரோகிராம் அதைப் பிரித்துத் தமிழாகக் காட்டும். என்னுடைய பழைய புரோகிராம் காட்டும்போது பிரிக்கும், தேடும்போது பிரிக்காது. கட்டின மூட்டையை வெளியே தடவிப் பார்த்துவிட்டு 'ஊசி இல்லை' என்று சொல்லிக்கொண்டிருக்கிறது. வருடா வருடம் பிள்ளைகளுக்கு இதை நடத்துகிறேன். ஊருக்குத்தான் உபதேசம்.

சரி, நாமும் மூட்டையின் பாஷையிலேயே கேட்போம் என்று உட்கார்ந்தேன். ஆனால் ஒரு சொல் கடிதத்தில் எந்த இடத்தில் நிற்கிறது என்பதைப் பொறுத்து அதன் மாறின உருவமும் மாறும். 'ஊசி'க்கு மூன்று வேஷம். மூன்றையும் போட்டுத் தேடினேன். ரவிக்கைக்குப் பட்டன் தைத்த ஊசி வந்தது, ஊசிப்போன சாம்பார் வந்தது. ஒருவேளை 'இஞ்செக்‌ஷன்' என்று எழுதினாளோ? அதை அவள் எப்படியெல்லாம் எழுதுவாள் என்று பெருமாளுக்குத்தான் வெளிச்சம்.

கணவர் போன் செய்தார். "அப்பாக்கு வலி ஜாஸ்தியாறது. கிடைச்சுதா?"

"இல்லை," என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை. பயமாக இருந்தது. கேலி பண்ணுகிற மனிதர், "சரி, நிதானமாத் தேடு," என்றதில் பயம் இன்னும் கூடியது.

இடம் மாறாத சொல் ஏதாவது உண்டா என்று யோசித்தேன். உண்டு. எங்கள் வீடுகளில் கடிதமானாலும் மளிகைச் சீட்டானாலும் தலையில் 'ஸ்ரீ:' என்று போட்டுவிட்டுத்தான் மற்றது. அம்மா மெயிலிலும் அதை விட்டதில்லை. எப்போதும் முதலில் நிற்பதால் மூட்டைக்குள்ளும் அதற்கு ஒரே உருவம்தான். நான்கு, கே, ஆறு, மறுபடி நான்கு என்று ஆரம்பிக்கும். அதைப் போட்டுத் தேடினேன். மளமளவென்று வந்து திரை நிறைந்தது. முதல்முறையாகத் தேடல் வேலை செய்கிறது என்ற சந்தோஷம் ஒரு நிமிஷம்கூட நிற்கவில்லை. எல்லாமே வந்தால் என்ன பிரயோஜனம்?

ஆனால் எல்லாமே வரவில்லை. கீழே காட்டிய எண்ணிக்கை முதலில் பார்த்ததைவிடக் கொஞ்சம் குறைவாக இருந்தது. அம்மா எப்போது ஸ்ரீ போடமாட்டாள்? சாவுச் செய்தி எழுதும்போது. அமங்கலத்துக்குத் தலையில் ஸ்ரீ கிடையாது, அது எந்தக் காலத்திலிருந்தோ வருகிற வழக்கம். நிபந்தனையைத் திருப்பிப் போட்டேன்: இந்த எழுத்துகள் இல்லாதவை மட்டும்.

ஒரு கைப்பிடி மெயில்கள் நின்றன. பெரியப்பா போனது. எதிர் வீட்டு மாமி போனது. லால்குடி அத்தை போனது. அதற்கு அடுத்ததைத் திறந்தேன்.

'அப்பாவுக்கு இங்கே கும்பகோணத்தில் ஒரு ஊசி போட்டார்கள். உடனே முகம் வீங்கி மூச்சு வரவில்லை. இப்போது தூங்குகிறார். நான் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன். மருந்துப் பெயரைப் பத்திரமாக வைத்துக்கொள்ளச் சொன்னார் டாக்டர். நான் வைத்தால் தொலைத்துவிடுவேன். நீ எதையும் தூக்கிப் போடமாட்டாய். அதனால் உனக்கு எழுதுகிறேன். செஃப்ட்ரையாக்சோன்.'

போனில் பெயரைச் சொல்லும்போது எனக்கு நாக்குக் குழறியது. கணவர் அப்படியே போனை டாக்டரிடம் கொடுத்துவிட்டார்.

"நல்லவேளைங்க," என்றார் அவர். "ஆபரேஷனுக்கு முன்னாடி, சீழ் பிடிக்காம இருக்க நாங்க பெரும்பாலும் போடறதே அதைத்தான். இனிமே கவலை இல்லை, வேற மருந்து இருக்கு. ஐயாவை உள்ள கூட்டிட்டுப் போறோம்."

அப்பாடா என்று நாற்காலியில் சாய்ந்துவிட்டேன். சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. திரும்பிப் போகிற ஆட்டோவில் பாலத்தின் மேல் காற்று அடித்தபோதுதான், காலையிலிருந்து நான் ஒரு வாய்த் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை என்று தெரிந்தது.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. சாயங்காலம் அப்பா அரைக்கண்ணைத் திறந்து எல்லாரையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு மறுபடி மூடிக்கொண்டார். "குடத்துத் தண்ணிதான் காப்பாத்தித்து," என்றார் கணவர். இத்தனை வருடக் கேலிக்கு அந்த ஒரு வாக்கியம் போதும் என்று விட்டுவிட்டேன்.

அப்போது அம்மா கூப்பிட்டாள். மலை இறங்கிவிட்டார்களாம். நடந்ததைச் சொல்லி, ஆபரேஷன் முடிந்துவிட்டது என்பதை மூன்று தரம் சொன்னேன். பிறகு மெதுவாகக் கேட்டேன். "ஏம்மா, அந்த மெயில்ல நீ ஸ்ரீ போடலையே? சாவுக்குத்தானே போடமாட்டே?"

"போடலை," என்றாள். "அன்னிக்குப் பெருமாளோட எனக்குப் பேச்சுவார்த்தை இல்லை."

போனில் ஒண்ணுமில்லைடீ என்று சொன்னவள் அவள். "அப்புறம்?" என்றேன்.

"அப்புறம் விடியக்காலம் உங்கப்பா கண்ணை முழிச்சுண்டு காப்பி கேட்டார். நானும் பெருமாளும் சமாதானமாயிட்டோம்."

பின்னால் கட்டிலில் அசைவு தெரிந்தது.

"காப்பி உண்டா?" என்றார் அப்பா.

"இன்னைக்கு ஒண்ணும் குடிக்கக்கூடாதுங்க ஐயா," என்றாள் நர்ஸ்.

நான் போனை அப்பாவின் வாய்ப் பக்கம் நீட்டி, "இன்னொரு தரம் கேளுங்கோப்பா," என்றேன்.