பீரோவில் இருந்த முகக்கவசம்

எண்பதுகளின் தொடக்கத்தில் உத்திரமேரூர் பக்கம் ஒரு பள்ளியில் ஒன்பதாவது படித்தேன். பேஸ்பால் போலவே ஆடும் சாஃப்ட்பால் அப்போதுதான் எங்கள் பெண்கள் அணிக்கு வந்திருந்தது. மட்டை பிடிப்பவளுக்குப் பின்னால் குந்தியிருந்து பந்தைப் பிடிக்கும் வேலை எனக்கு. அதற்கென்று கம்பி போட்ட முகக்கவசம் ஒன்று பள்ளி பீரோவில் இருந்தது. அதைக் கேட்டபோது விளையாட்டு வாத்தியார் சிரித்தார்.

"உன் வேர்வ பட்டா அப்புறம் வேற எந்தப் பொண்ணு அத மூஞ்சில மாட்டும்? பந்தப் பாத்துப் புடி, போதும்."

நான் ஊருக்கு வெளியே இருந்த காலனிப் பெண். கவசம் இல்லாமலே போய்க் குந்தினேன். அன்று மாலை பந்து மட்டையின் ஓரத்தில் உரசித் திசைமாறி என் இடது கண்ணில் அடித்தது. பெரிய ஆஸ்பத்திரியில் அந்தக் கண்ணையே எடுத்துவிட்டார்கள்.

வாத்தியார் பார்க்க வந்தார். கட்டிலருகே தரையில் உட்கார்ந்திருந்த அம்மா எழுந்து நின்றாள். முகக்கவசம் கேட்டதை அவளிடம் சொல்லியிருந்தேன்.

"அத்தக் குடுத்திருந்தா எம்பொண்ணு கண்ணு தப்பிச்சிருக்குமா சார்?"

"தப்பிச்சிருக்கும். இன்னா பண்றது, மத்தவங்க வூட்ல ஒத்துக்கணுமே."

அம்மா சண்டை போடுவாள் என்று காத்திருந்தேன். அவள் தலையாட்டினாள்.

"அதுவும் சரிதான் சார். இவ்ளோ தூரம் வந்தீங்களே."

பயத்தில் அப்படிச் சொன்னாள் என்றே பல வருடம் நினைத்திருந்தேன். எனக்குக் குழந்தை பிறந்த பிறகு ஒருநாள் அவளிடமே கேட்டுவிட்டேன்.

"அவரு நாயமாத்தானே சொன்னாரு" என்றாள்.

அதற்குப் பிறகு அந்தக் கண்ணைப் பற்றி நாங்கள் பேசியதில்லை.