தூதர்களும் என் வரவேற்புரையும்

திருநெல்வேலியில் இருந்தவரை என்னை யாரும் இந்தியாக்காரன் என்று கூப்பிட்டதில்லை. இங்கே மலேசியாவின் கேமரன் மலையில், என்னைப் போலவே தமிழ் பேசுகிறவர்கள், தேயிலைத் தொழிற்சாலை வாசலில் தினமும், "என்னா இந்தியாக்காரரே, பசியாறிட்டீங்களா?" என்கிறார்கள். பதினோரு வருடமாகப் பசியாறிக்கொண்டிருக்கிறேன், பெயர் மாறவில்லை.

அந்தப் பெயரால் ஒரு பதவியும் வாய்த்தது. கோலாலம்பூரிலிருந்து எங்கள் நாட்டுத் தூதர் எவர் மலையேறி வந்தாலும் வரவேற்புரை என்னுடையது. முதலாமவர் கவிதை ரசிகர் என்று கேள்விப்பட்டு, சங்க காலத்திலிருந்து தொடங்கினேன். இரண்டாமவருக்குத் தமிழ் தெரியாது. அதனால் அதே உரையை ஆங்கிலத்திலும் ஆற்றினேன். மூன்றாமவர், நான் சோழர் கப்பற்படையை விவரிக்கையில், நான்கு முறை கடிகாரம் பார்த்தார். நேரத்தை மதிக்கிற மனிதர் என்று வீடு திரும்பியதும் பாராட்டினேன். துரைமார் காலத்திலிருந்து வந்த தோட்டத்து மரியாதை இது: மாலை, சால்வை, புகழ்ச்சி, கடைசியில்தான் கோரிக்கை. கடைசி வருவதற்குள் மழை வரும், தூதர் மலையிறங்கிவிடுவார்.

அந்தக் கடைசிக்காக இரண்டு தூதர்களாகக் காத்திருந்தவர், தூள் சலிக்கும் பிரிவில் வேலை செய்யும் ஆரோக்கியம் அக்கா. மகளைத் திருச்சிப் பக்கம் கட்டிக்கொடுத்திருக்கிறார். அங்கே மாதக்கணக்கில் தங்க இந்திய வம்சாவளி அட்டை வேண்டும். தாத்தா கப்பலேறி வந்தபோது கொடுத்த பழைய காகிதம் அதற்குச் செல்லுமா என்று அதிகாரி ஒருவர் பார்த்துச் சொல்ல வேண்டும். கோலாலம்பூர் போய்வர லீவு எடுக்க மாட்டார். எல்லாம் மகளின் பிரசவத்துக்குச் சேர்த்து வைத்தது.

நான்காம் தூதர் வருகிறார் என்றதும் என்னிடம் வந்தார்.

"சார், பேச்சு எழுதிட்டீங்களா?"

"பன்னிரண்டு பக்கம்."

"போன தடவ சோழன் கப்பல விட்டீங்க. அது கடாரம் போய்ச் சேர்றதுக்குள்ள அவரு காடி கெளம்பிருச்சு. இந்தத் தடவ வணக்கம் மட்டும் சொல்லிட்டு உக்காந்துருங்க லா. எம் மவளுக்கு இப்ப அஞ்சு மாசம்."

என் எழுத்துக்கு வந்த ஒரே விமர்சனம். ஏற்றுக்கொண்டேன்.

அன்று மேடையேறி, "வணக்கம். ஆரோக்கியம் அக்கா உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும்" என்று சொல்லி இறங்கினேன். எனக்குக் கிடைத்த முதல் உண்மையான கைதட்டல் அது.

"இந்தியாவிலிருந்து எப்போது வந்தீர்கள்?" என்று தூதர் அக்காவைக் கேட்டார்.

"நான் இங்கயே பொறந்தவங்க. மவ கல்யாணத்துக்கு ரெண்டு வாரம் போனதுதான்."

தூதர் சிரித்து, உடன் வந்த அதிகாரியைக் கூப்பிட்டார். அவர் காகிதத்தை வெளிச்சத்தில் பிடித்து நிதானமாகப் படித்தார்.

"இது போதும்மா. விண்ணப்பத்தோட வச்சுக் குடுங்க, நானே எடுத்துட்டுப் போறேன்."

அக்கா தலைத்துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

அக்கா விண்ணப்பத்தை வைத்த மேசையிலேயே என் பாஸ்போர்ட்டைப் புதுப்பிக்கும் படிவத்தையும் வைத்தேன். இங்கே பிறந்த அக்காவின் காகிதத்தில் முசிறிப் பக்கத்துக் கிராமம் ஒன்று. அங்கே பிறந்த என் படிவத்தில், முகவரி என்ற இடத்தில், இந்தத் தோட்டத்தின் பெயர். மழை தூற ஆரம்பித்ததும் அதிகாரி இரண்டையும் அள்ளி, ஒரே கிளிப்பில் மாட்டிக்கொண்டு காருக்கு ஓடினார்.