வீரையன் தொட்ட வரப்பு

வீரையனா, துரைராசுவா? மன்னார்குடிப் பக்கம் சடுகுடு பார்த்து வளர்ந்த தலைமுறைக்கு இந்தப் பேச்சு சலிக்கவே சலிக்காது. நல்ல வயதில் வீரையன் பாடிக்கொண்டு உள்ளே நுழைந்தால், நாலு பேர் மேலே விழுந்து அமுக்கினாலும் அவன் விரல்நுனி நடுக்கோட்டைத் தொட்டுவிடும். துரைராசு கணுக்காலில் கை வைத்தால் உடும்புப்பிடிதான். இரண்டு பேரும் ஒருமுறை மோதியிருந்தால் வாக்குவாதம் அன்றைக்கே தீர்ந்திருக்கும். மோதவில்லை. வீரையன் கூலிவேலை செய்யும் கீழத்தெரு. துரைராசு நிலம் வைத்திருக்கும் மேலத்தெரு. தொட்டால்தானே சடுகுடு? கீழத்தெரு ஆளைத் தொட்டு விளையாட மேலத்தெரு ஒப்பவில்லை. ஆட்சி மாறியது, ஊர் முகப்பில் புதுக்கொடி ஏறியது, இந்த வீம்பு மட்டும் இறங்கவில்லை.

வீரையனுக்கு அது உள்ளுக்குள் அரித்துக்கொண்டே இருந்தது. வேலை முடிந்து வந்தால் மனைவி அம்சத்திடம் புலம்புவான்.

“ஒரே ஒரு தடவை அவரு பிடியில மாட்டணும் அம்சம். அப்புறம் செத்தாலும் சரி.”

“வாயக் கழுவுங்க,” என்பாள் அவள்.

அந்த வருஷம் குறுவை அறுப்பில் கூலித் தகராறு முற்றியது. மேலத்தெரு வெளியூர் ஆட்களை இறக்கியது. கீழத்தெரு வயலில் நின்று மறித்தது. தடியோடு வந்த கூட்டத்தில் துரைராசுவும் இருந்தார். எல்லாரும் சிதறி ஓட, வீரையனின் கணுக்காலை ஒரு கை பிடித்தது. குப்புற விழுந்தவனுக்குத் திரும்பிப் பார்க்காமலே அது யாருடைய பிடி என்று தெரிந்துவிட்டது. சத்தம் போட்டு ஆள் கூப்பிட்டிருக்கலாம். பாவி மனிதன், மூச்சை அடக்கிச் சடுகுடு பாட ஆரம்பித்தான். சேற்றில் உடம்பை இழுத்து இழுத்து, கையை நீட்டி, வரப்பைத் தொட்டான்.

தொட்டதும் பிடி விட்டது. ஆட்டக்காரன் கை பழக்கத்தை மீறுமா? அப்போதாவது எழுந்து ஓடியிருக்க வேண்டும். இவன் திரும்பி உட்கார்ந்து துரைராசுவின் முகத்தைப் பார்த்தான். அவரும் இவனைப் பார்த்தார். அதற்குள் பின்னாலிருந்து எவனோ ஒருவனின் தடி வீரையன் முழங்காலில் இறங்கியது.

கேஸ் நடந்தது. அடித்தவன் யாரென்று தெரியாததால், பிடித்த துரைராசுவின் பேர் மட்டும் அதில் இருந்தது. அவர் கூண்டில் ஏறி, “நான் அவனைத் தொடவே இல்லைங்க,” என்றார். அவருடைய வக்கீல் இன்னும் ஒரு படி மேலே போனார்: விளையாட்டில்கூட அந்தத் தெருவைத் தொடாதவர், வயலில் இறங்கியா தொடப்போகிறார்? ஊரறிந்த விஷயம். கீழத்தெரு சாட்சிகளாலும் அதை மறுக்க முடியவில்லை. விடுதலை ஆகிவிட்டது. இந்த அநியாயத்தை நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது.

வீரையன் கோலூன்றி நடந்தான். அம்சம் நடவுக்கும் களையெடுப்புக்கும் போய்க் குடும்பத்தை ஓட்டினாள். பஸ் நிறுத்தத்தில் அந்தப் பழைய வாக்குவாதம் கிளம்பியபோது ஒருமுறை, “அவரு பிடிச்சாருங்க, நான் தப்பிச்சேன்,” என்று சொல்லிப் பார்த்தான். அவன் காலைப் பார்த்துச் சிரித்தார்கள்.

பல வருஷம் கழித்து, துரைராசு நெஞ்சுவலியில் போய்விட்டதாகச் சேதி வந்தது. வீரையன் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு அழுதான். அம்சத்துக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“உங்க காலை முடமாக்குன கூட்டத்து ஆளுக்கா அழுவுறீங்க?”

“நான் வரப்பைத் தொட்டது அவரு ஒருத்தருக்குத்தான் தெரியும் அம்சம்,” என்றான். “இனிமே யாரு இருக்கா, சொல்லு?”