கத்திரி வெயிலில் காளான் வராது

மாடியில் காளான் வளர்த்து, பலமுறை அழுகவிட்டுக் கற்றதை மின்நூலாக எழுதி இணையத்தில் விற்பனைக்கு வைத்தேன். ரெட்டியார்பாளையத்து பிரவுசிங் சென்டர்தான் அப்போது எனக்குக் கடை. விளம்பரத்தின் முதல் வரியே, ‘கத்திரி வெயிலில் காளான் வராது.’ ஒருவரும் வாங்கவில்லை.

“அந்த வரிய எடுத்துடுங்க மேடம். அதப் பாத்துதான் எல்லாரும் ஓடுறாங்க,” என்றார் சென்டர்காரர். எரிச்சலில் எடுத்துவிட்டேன்.

மறுநாளே சேதராப்பட்டிலிருந்து ஒரு பெண் போன் செய்தார். “நெட்டுல பாத்தேன்க்கா. கம்பெனில வேல போயிடுச்சு. கைல இருக்கறத வச்சி உடனே கீத்துக் கொட்டா போட்டு, காளான் ஆரம்பிக்கப் போறேன். உங்க புக்கு வாங்கட்டுமா?”

வெளியே ரோட்டில் தார் உருகிக்கொண்டிருந்தது. ‘வாங்குங்க’ என்று சொல்ல வாயெடுத்தேன், முடியவில்லை.

“இந்த வெயில்ல வராதும்மா. ஆடிக்கு அப்புறம் போடு.”

“அத ஏன்க்கா விளம்பரத்துல எழுதல?”

கேட்டுவிட்டு அவரே, “அப்ப ஆடில வாங்கிக்கறேன்,” என்று வைத்துவிட்டார். அன்றே அந்த வரியைத் திரும்பப் போட்டேன்.

ஆடி வந்தது, ஆவணியும் போனது. அவர் அழைக்கவே இல்லை. ஆத்திரத்தில் அந்த வரியை மறுபடியும் அழிக்கப் போனேன். ‘ஏன்க்கா எழுதல?’ என்ற குரல் காதில் கேட்டது. அழிக்கவில்லை.

நேர்மைக்குக் கூலி உண்டென்று யாரும் எனக்குச் சொன்னதில்லை. நானாகத்தான் எதிர்பார்த்துவிட்டேன்.